காலியாக விட்ட விழுது

தண்ணீர்க் குழாயடியில் காதில் விழுந்த பேச்சு அன்று முழுக்கப் பெரியவளை ஓர் இடத்தில் நிம்மதியாக உட்காரவிடவில்லை.

தறிக்கூடத்தில் நூல் தார் சுற்றுகிற பெண் ஒருத்தி குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். "என்னக்கா, இன்னைக்கும் வேலைக்கா? லீவு போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"லீவா? எதுக்கு?"

"அட, உங்களுக்கே தெரியாதா? நூல் வண்டிக்காரரோட அக்கா வர்றாங்களாம். சாயங்காலம் இங்க பஸ் மாறிப் போறாங்க. நடுவுல கெடைக்கிற நேரத்துல பஸ் ஸ்டாண்டுல வச்சு தன் தம்பிக்கு உங்க சின்னவளைப் பார்க்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. பார்க்க வரலேன்னா விருப்பமில்லேன்னு எடுத்துக்குவாங்களாம். தெருவே பேசுது."

"தெரியுமே" என்று பெரியவள் சொல்லிவைத்தாள். குடம் நிறைந்து வழிந்து காலை நனைத்த பிறகுதான் குழாயை மூடத் தோன்றியது.

பெரியவள், சின்னவள் என்றால் அந்த ஊரில் எல்லாக் கூடத்துக்கும் தெரியும். பெரியவள் நாத்தனார். சின்னவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி. பெரியவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை, அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதுமில்லை. தம்பி ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு பெண்களும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வேலை என்று காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வேலை, பாவு கோர்ப்பது. தறியில் புதுப் பாவு ஏறினால் அதன் நீளவாட்டு இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விழுதுகளுக்குள் நுழைக்க வேண்டும். விழுது என்பது நடுவில் ஊசிக்காது மாதிரி ஒரு கண் வைத்த கம்பி. நாலு சட்டங்களில் நெருக்கமாகத் தொங்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவள் கொக்கியை அந்தக் கண் வழியாக நீட்டுவாள். பின்னால் உட்கார்ந்திருப்பவள் அடுத்த இழையைக் கொக்கியில் மாட்டுவாள். முன்னால் இருப்பவள் இழுத்துக்கொள்வாள். நீட்டு, மாட்டு, இழு. ஆயிரக்கணக்கான தடவை. ஒண்டியாகச் செய்கிற வேலை இல்லை இது. ஜோடியில் ஒருத்தி போனால் இன்னொருத்தியின் கையும் போன மாதிரிதான்.

நூல் வண்டிக்காரரைப் பெரியவளுக்குத் தெரியும். தெருத் தெருவாக நூல் மூட்டை இறக்குகிற ஆள். பெண்டாட்டியை இழந்தவர். குடிப்பதில்லை, மூட்டையைத் தரையில் போட்டு இழுப்பதில்லை, வண்டியைக் குறுக்கே நிறுத்தி வம்பு வளர்ப்பதில்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்ச காலமாக அவருக்குத் தாகம் அதிகமாகிவிட்டதையும் கவனித்திருந்தாள். இவர்கள் எந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே வந்துதான் தண்ணீர் கேட்பார். அவர் வீடு இருப்பது வேறு ஊரில். சின்னவள் அங்கே போய்விட்டால் இங்கே பாவின் பின்னால் உட்காருவது யார்?

வேலைக்குக் கிளம்பியபோது சின்னவள் தலையை வழக்கத்தைவிட அழுத்தி வாரியிருந்தாள். சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் நல்ல துணி ஒன்று மடித்துக் கிடந்தது. பெரியவள் பார்த்தும் பார்க்காததுமாக நடையைக் கட்டினாள். சாயப்பட்டறைச் சந்தில் நீல நூல் கற்றைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மின்கம்பி, சைக்கிள் சீட், டீக்கடை பெஞ்சு என்று எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்திருந்தது. அந்த ஊரில் யாரும் எதையும் ஒரு தட்டு தட்டாமல் உட்கார மாட்டார்கள். வெளியூருக்கு விருந்துக்குப் போனாலும் அடுத்தவர் வீட்டு நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

"என்ன அண்ணி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? மெதுவாப் போங்க" என்றாள் சின்னவள்.

"நேரமாச்சு."

"எப்பவும் போற நேரந்தானே."

இப்போதாவது சொல்வாள் என்று பெரியவள் நடையைக் குறைத்தாள். சின்னவள் சொல்லவில்லை. செருப்பு வார் அறுந்துவிடும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

கூடத்தின் மேஸ்திரிக்கு 'அவசரம்' என்று பெயர். அவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வது தினமும் நடக்கும். வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க வாங்க. இன்னும் ஆரம்பிக்கலையா?"

"இப்பத்தான் மேஸ்திரி உள்ளேயே வர்றோம்" என்றாள் சின்னவள்.

"அதான் கேக்குறேன், ஏன் இன்னும் ஆரம்பிக்கல? வெளுப்புத் துணி, சாயத்துக்குப் போகுது. சாயங்காலத்துக்குள்ள ஓட விடணும்."

"விட்டுடலாம்" என்ற சின்னவள், பாவுக்குப் பின்னால் போய்ப் பலகையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். "நாலு மணிக்கெல்லாம் முடிச்சிடலாம், இல்ல அண்ணி?"

அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த கெஞ்சல் பெரியவளைச் சுருக்கென்று குத்தியது. பக்கத்துத் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டதால் பதில் சொல்லாமலே தப்பித்துக்கொண்டாள். தறிச் சத்தத்தில் பேசுவது என்றால் காதோரம் கத்த வேண்டும், இல்லாவிட்டால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் இழைகளின் ஊடே ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே வருஷங்களை ஓட்டியவர்கள்.

கோர்ப்புக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கோர்த்து முடித்ததும் இழைகளை அச்சு என்கிற சீப்பின் பல்லுக்குள் இழுத்து, மேஸ்திரி தறியை ஓட்டி ஒரு சாண் துணி நெய்து பார்த்து, கோடு விழவில்லை என்று அவர் தலையாட்டும்வரை ஜோடி கூடத்தை விட்டு இறங்கக் கூடாது. கோடு விழுந்தால் தப்பு நடந்த இடம்வரை எல்லா இழையையும் உருவிவிட்டு மறுபடி கோர்க்க வேண்டும்.

அந்த நினைப்பு எந்த நிமிஷம் வந்தது என்று கேட்டால் பெரியவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு கைப்பிடி இழைகூட இன்னும் முடியவில்லை. முதல் சட்டம், இரண்டாம் சட்டம் என்று கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் சட்டத்து விழுதை விரலால் ஒதுக்கிவிட்டு நான்காம் சட்டத்தில் கொக்கியை நீட்டினாள். ஒரு நொடி எதுவும் வரவில்லை. பிறகு பின்னாலிருந்து இழை வந்து மாட்டியது. இழுத்தாள். அவ்வளவுதான். மூன்றாம் சட்டத்தில் ஒரு விழுது காலியாக நின்றது. அந்த இடத்தில் இனி இரண்டு இழைகள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். துணியின் நீளத்துக்கும் கோடு ஓடும்.

முதலில் ஒரு குதூகலம்கூட வந்தது அவளுக்கு. போகட்டுமே பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாள் வழியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்து, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போவாள். யார் மேலும் பழி கிடையாது. தறி வேலை என்றால் ஆயிரம் இருக்கும்.

அந்தக் குதூகலம் டீ வரும்வரைகூடத் தாங்கவில்லை. இருப்புக் கொள்ளாமல் பலகையில் இப்படியும் அப்படியும் நகர்ந்தாள். குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தாள், குடிக்காமலே திரும்பி வந்தாள். அந்தக் காலி விழுது கண்ணுக்குள் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. இப்போது சொல்லிவிட்டால் கொஞ்சம் இழையை உருவினால் போதும், கை மறந்துபோச்சு என்று சிரித்து மழுப்பிவிடலாம். கொக்கியை நீட்ட நீட்ட, உருவ வேண்டிய இழையும் ஏறிக்கொண்டே போனது. சொல்லாமல் இழுக்கிற ஒவ்வோர் இழையும் தப்பின் மேல் தப்பாக உட்கார்ந்தது.

டீ வந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். மேஸ்திரி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"என்ன பெரியவளே, முகம் ஒரு மாதிரியா இருக்கு? பல்வலியா?"

"ஒண்ணுமில்ல."

"பல்லுன்னா உடனே பிடுங்கிடணும். நான் அப்படித்தான், வலிக்கிறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டேன்."

"அதுவும் பக்கத்துப் பல்லை" என்றாள் சின்னவள்.

மேஸ்திரி சிரித்தார். சின்னவளும் சிரித்தாள், ஆனால் டீ கிளாசைப் பிடித்திருந்த அவள் விரல்கள் கிளாசின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. இவளும் நெருப்பின் மேல்தான் நிற்கிறாள் என்று பெரியவளுக்குப் பட்டது. தெரிந்தும் பேசவில்லை. நீ முதலில் சொல்லு, அப்புறம் நான் சொல்கிறேன் என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம். குழாயடியில் குடம் வைத்திருந்தவளுக்கெல்லாம் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்றால், இத்தனை காலம் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றது என்ன கணக்கு?

மத்தியானம் இரண்டு பேரும் கூடத்துக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தார்கள். டப்பாக்கள் திறந்திருந்தன. சின்னவள் சோற்றை விரலால் அளைந்தாள். பெரியவள் பிசைந்து பிசைந்து வைத்தாள்.

"ஏன் சாப்பிடல?"

"நீங்க ஏன் சாப்பிடல?"

"பசியில்ல."

"எனக்கும்தான்."

ஒரு காக்காய் வந்து இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கு அன்று நல்ல வேட்டை.

"அண்ணி" என்றாள் சின்னவள்.

"சொல்லு."

"அடுத்த வாரம் மேலத் தெருக் கூடத்துல பாவு ஏறுதுன்னீங்களே..."

"ஆமா. ரெண்டு பாவு. அதை முடிச்சா அதுக்குப் பக்கத்துக் கூடம். வரிசையா நிக்குது." பெரியவள் மளமளவென்று அடுக்கினாள். வாயை மூட நினைத்தும் மூட முடியவில்லை. "அப்புறம் அந்தப் புதுக் கூடத்துக்காரர்கூட நம்ம ஜோடிதான் வேணும்னு கேட்டிருக்கார். நான் வாக்குக் கொடுத்திட்டேன்."

சின்னவள் தலையை ஆட்டிவிட்டு டப்பாவை மூடினாள். சொல்ல வந்தது என்னவோ டப்பாவுக்குள்ளேயே போய்விட்டது.

பிற்பகலில் இரண்டு பேரும் பேய் பிடித்த மாதிரி வேலை செய்தார்கள். கொக்கி நீளும் முன்பே இழை காத்திருந்தது. சின்னவள் சரியான நேரத்துக்கு முடித்துவிட்டு ஓடத்தான் இப்படி மாட்டுகிறாள் என்று பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அடுத்த நொடியே, எல்லாம் வீணாகப் போகிற இழைகள் என்று தெரிந்தே இவளை இப்படி உழைக்க வைக்கிறோமே என்றும் இருந்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. கடைசி இழை விழுதின் கண்ணுக்குள் நுழைந்து வந்தபோது நாலு மணிகூட ஆகவில்லை.

"ஆச்சா? அச்சைக் கொண்டு வரட்டுமா?" மேஸ்திரி தூரத்திலிருந்தே கையால் கேட்டார்.

அச்சுக்கு முன்னால் உள்ளங்கையால் விழுதுகளை ஒரு தடவை தடவிப் பார்ப்பது பெரியவளின் பழக்கம். கை பழக்கத்தில் போய்விட்டது. இழை வாங்கிய விழுதுகள் கையில் இறுக்கமாகப் பட்டன. காலியாக இருந்தது மட்டும் லொடலொடவென்று ஆடியது. கை அங்கேயே நின்றது. அதைத் தாண்டி நகர மறுத்தது.

சின்னவள் பின்னாலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒரு விழுது விட்டிருக்கு" என்றாள் பெரியவள். சத்தத்தில் அது வெளியே கேட்கவில்லை. உதடுதான் அசைந்தது.

"தெரியும்."

"காலையில..."

"தெரியும் அண்ணி. கொக்கி நாலாவது சட்டத்துலேருந்து வந்துச்சு. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாதா?"

பெரியவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த ஒரு நொடி. இழை வராமல் கொக்கி வெறுமனே நின்ற அந்த ஒரு நொடி. "அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்க ஏன் திறக்கல?"

"குழாயடியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், தெரியுமா? ஊர்க்காரி சொல்லி."

சின்னவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து காதோரம் வந்து கத்தினாள். "எத்தனை நாள் சொல்ல வந்தேன். வாயெடுத்தாப் போதும், அடுத்த பாவு, அதுக்கு அடுத்த பாவுன்னு ஆரம்பிச்சிடுறீங்க. மத்தியானம்கூட அதேதான். நான் எங்க போய்ச் சொல்றது?"

பெரியவளின் கை இன்னும் அந்தக் காலி விழுதின் மேலேயே இருந்தது.

"கொக்கி மாறி வந்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆத்திரமாத்தான் இருந்துச்சு. உங்க வாயாலயே வரட்டும்னு மாட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம்..." சின்னவள் நிறுத்தினாள். கத்திச் சொல்கிற விஷயமாக அது இல்லை. உதட்டை மட்டும் அசைத்தாள். "அப்புறம், அண்ணியே பிடிச்சு நிறுத்திட்டா நானா வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லையேன்னும் இருந்துச்சு. அப்படியே நின்னுக்கலாம். எனக்கும் பயம் இருக்குல்ல."

அவள் குனிந்து தப்பான இழையிலிருந்து உருவ ஆரம்பித்தாள். முதல் கொத்து விழுதை விட்டு வழுக்கி வந்து மடியில் விழுந்தது. பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. பை ஆணியில் தொங்கியது.

பெரியவள் அந்தக் கையைப் பிடித்தாள். நினைத்ததெல்லாம் நடந்துகொண்டிருந்தது. பார்க்கத்தான் சகிக்கவில்லை.

"விடு. நான் பார்த்துக்கிறேன். நீ கிளம்பு."

"ஒண்டியாவா?"

"ஒண்டியாத்தான். நான் உன்னைப் பிடிச்சு வைக்கல. வேண்டாம்னு நீயா சொல்றதா இருந்தா அங்க போய் அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லு. என் தப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காத."

பெரியவள் அவள் முன்நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தாள். காதோரத்தில் இருந்ததை எடுத்தாள். எடுக்க எடுக்க இருந்தது. "மூஞ்சியைக் கழுவு. அந்தத் துணியை மாத்திக்க. பையில இருக்கிறது எனக்குத் தெரியும்."

மேஸ்திரி அச்சோடு ஓடி வந்தவர், உருவிக் கிடந்த இழையைப் பார்த்து அப்படியே நின்றார். "என்ன இது? என்ன இது?"

"விழுது விட்டுப்போச்சு. என் கை" என்றாள் பெரியவள்.

"உன் கையா? அந்தக் காலி விழுதுல தனியா ஒரு இழை தொங்கவிட்டுச் சமாளிக்க முடியாதா?"

"சாயத்துக்குப் போற துணின்னு நீங்கதானே சொன்னீங்க. சாயம் ஏறினா கோடு காட்டிக் கொடுத்துடும்."

"அப்ப உட்காருங்க ரெண்டு பேரும். சீக்கிரம். இவ எங்க போறா? ஏய், துணி பார்க்காம இறங்கக் கூடாது, தெரியும்ல?"

"நான் இருக்கேன்ல" என்றாள் பெரியவள். "தப்பு பண்ணினவ நான். அவளைக் கட்டிவைக்கச் சட்டம் இல்ல."

சின்னவள் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பெரியவள் பார்க்காத மாதிரி கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மிச்ச இழைகளையும் உருவிப் போட்டுவிட்டுப் பெரியவள் முன்னால் உட்கார்ந்தாள். ஒண்டியாகக் கோர்ப்பது என்றால் இப்படி. முன்னால் உட்கார்ந்து கொக்கியைக் கண்ணில் நீட்டித் தொங்கவிட வேண்டும். எழுந்து தறியைச் சுற்றிப் பின்னால் போய் இழையைப் பிரித்து மாட்ட வேண்டும். சுற்றி முன்னால் வந்து இழுக்க வேண்டும். பாதி நேரம் வந்து சேர்வதற்குள் இழை கொக்கியை விட்டு நழுவிவிடும். மறுபடி சுற்று. காலையிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியாமல் தவித்த கால்களுக்கு இப்போது வேண்டிய மட்டும் நடை கிடைத்தது.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு, நான் மாட்டுறேன்" என்று பின்னால் போய் உட்கார்ந்தார். ஒரே கொக்கியில் மூன்று இழையை மாட்டினார்.

"ஒண்ணு ஒண்ணா, மேஸ்திரி."

"மூணா மாட்டினா சீக்கிரம் முடியும்ல?"

"எழுந்திருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

அவர் முனகிக்கொண்டே போனார். பெரியவள் சுற்றினாள். வெளியே பஸ் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள், தறிச் சத்தத்தில் அது கேட்காது என்று தெரிந்தும். இந்நேரம் போயிருப்பாள். இந்நேரம் அந்த அம்மாள் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருப்பாள். சின்னவள் பெஞ்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கரித்தது. வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கி, கூடத்தில் விளக்குப் போட்டார்கள். எத்தனை சுற்று நடந்திருப்பாளோ, கோர்த்தது என்னவோ இரண்டு விரல் அகலம்தான். கொக்கியை நீட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழப் போனாள். கொக்கியின் முனையில் ஏதோ தொட்டது. இழை மாட்டியிருந்தது. இழுக்க வசதியாக, விரலளவு தளர்வு விட்டு மாட்டியிருந்தது. அந்த மாதிரி மாட்டுகிற கை ஊரில் ஒன்றுதான்.

பெரியவள் எழாமல் உட்கார்ந்தாள். இழுத்தாள். நீட்டினாள். கொஞ்ச நேரம் நீட்டுவதும் மாட்டுவதும்தான். பிறகு இழைகளின் ஊடே அந்த முகத்தைப் பார்த்தாள். நல்ல துணியை மாற்றாமலே வந்து உட்கார்ந்திருந்தாள் சின்னவள்.

"என்ன மாதிரி ஆளு?" என்று பெரியவள் உதட்டால் கேட்டாள்.

"நல்ல மாதிரிதான். நான்தான் நம்ம பழக்கத்துல அவங்க காதோரம் போய்க் கத்திட்டேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்துச்சு. ஏம்மா, என் மேல கோவமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கோவமில்ல, தறின்னேன்."

பெரியவள் சிரித்தாள். இழை ஒன்று நழுவியது. சின்னவள் அதை மறுபடி மாட்டினாள். மாட்டும்போது கண்ணைப் பார்க்கவில்லை. "எப்ப வர்றேன்னு கேட்டாங்க அண்ணி."

கொக்கி ஒரு கணம் விழுதுக்குள் நின்றது.

"என்ன சொல்லிட்டு வந்த?"

"கையில ஒரு பாவு இருக்கு, அது முடியட்டும்னேன்."

பெரியவள் தலையை ஆட்டினாள். மேலத் தெரு, புதுக் கூடம், கொடுத்த வாக்கு எல்லாம் வாய்வரை வந்தன. விழுங்கிக்கொண்டாள். நாளையிலிருந்து பின்னால் உட்கார யாரைத் தேடுவது என்பது நாளைக்கு உள்ள பாடு. மேஸ்திரி மட்டும் கூடாது.

அடுத்தது மூன்றாம் சட்டம். கை கொஞ்சம் நிதானமாகப் போகலாமே என்று இழுத்தது. பாவு முடிய இன்னும் நிறைய இருந்தது, இன்னும் நிறைய இருந்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் கைக்கு இடம் கொடுக்கவில்லை. எப்போதும் போகிற வேகத்திலேயே கொக்கியை நீட்டினாள். இழை மாட்டியது. இழுத்தாள்.